அஞ்சாளைக்கு ஆறடித் தொட்டி போதுமா?

வாசகர் கேள்வி:

ஐயா, மடிப்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் தளத்தில் இருக்கிறோம். நான்கடி நீளமுள்ள கடல்மீன் தொட்டி ஒன்றை மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இரண்டு கிளவுன் மீன்களும் ஒரு கிளீனர் இறாலும் நன்றாக இருக்கின்றன. கொளத்தூரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்கு ஹனிகோம்ப் மோரே ஈல் ஒன்று வந்திருக்கிறது. ஒன்றரை அடி இருக்கும். பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. ஆறடித் தொட்டி போதும், தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி முன்பணமும் கொடுத்துவிட்டேன். வீட்டில் எதிர்ப்பு பலமாக இருக்கிறது. பாம்பை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார் மாமியார். ஆறு வயது மகளைக் கடித்துவிடுமோ என்று மனைவி பயப்படுகிறார். இதை வளர்க்க முடியுமா? என்ன தீனி கொடுப்பது? இப்போதிருக்கும் மீன்களோடு விடலாமா? பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போவோம். அப்போது என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

சுற்றி வளைக்காமல் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மீனை வாங்காதீர்கள். ஆறடித் தொட்டியை அமைப்பதென்று முடிவு செய்திருந்தால் அமையுங்கள். அதில் ஸ்னோஃப்ளேக் என்று கடைகளில் விற்கும் சிறிய அஞ்சாளையை (மோரே ஈலைத் தமிழில் அஞ்சாளை என்போம்) விடுங்கள். ஏன் அது வேண்டாம், ஏன் இது பரவாயில்லை என்பதுதான் இனி வரப்போவது. கடல்மீன் தொட்டிகளை அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். பெரிய தொட்டி வேண்டாம் என்று ஒருவரிடம் சொல்வதில் எனக்கு நட்டமே தவிர லாபமில்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது தேன்கூட்டு அஞ்சாளை, அறிவியல் பெயர் ஜிம்னோதொராக்ஸ் ஃபவாஜினியஸ். வெளிறிய உடலில் கரும்புள்ளிகள் நெருக்கியடித்து, இடைவெளி தேனடைபோல் தெரியும். அழகில் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டு மீனும் அல்ல. மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் பாறை இடுக்குகளில் வாழ்வது. அஞ்சாளை இனங்கள் உலகில் ஏறத்தாழ 200 இருக்கின்றன. அவற்றில் பெரியவை என்று எண்ணத்தக்க சிலவற்றுள் இது ஒன்று. முழுதாக வளர்ந்தது ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை இருப்பது சாதாரணம். மூன்று மீட்டர் என்ற பதிவும் உண்டு. நன்றாகத் தின்கிற குட்டி சில ஆண்டுகளிலேயே ஒரு மீட்டரைக் கடந்துவிடும். பிறகு நீளம் கூடுவது மெதுவாகும், பருமன் கூடத் தொடங்கும். இருபது ஆண்டுக்கு மேலும் உயிர்வாழக்கூடிய பிராணி. உங்கள் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் அது கூடத்தில் இருக்கும்.

தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும் என்பது இந்த வியாபாரத்தில் மிகப் பழைய பேச்சு. தங்கமீன் விற்பவரும் இதைத்தான் சொல்கிறார், அரோவானா விற்பவரும் இதைத்தான் சொல்கிறார். இடம் போதாத தொட்டியில் மீன் சிறுத்துப்போவது உண்டு. கழிவு சேர்ந்த நீர், போதாத ஆக்சிஜன், திரும்பக்கூட இடமில்லாத நெருக்கம் ஆகியவற்றால் நேரும் நலிவு அது. அந்த நிலைக்கு வந்த மீன் அளவைக் குறைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்வதில்லை. நாட்களைக் கடத்திவிட்டுச் செத்துப்போகும். அஞ்சாளை விஷயத்தில் இன்னொன்றும் நடக்கும். நலிவதற்கு முன்னால் வெளியேற வழி தேடும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் ஆறடித் தொட்டி, ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால், விளிம்பு வரை 680 லிட்டர் பிடிக்கும். வளர்ந்த தேன்கூட்டு அஞ்சாளைக்கு எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம் என்பதைத்தான் நான் குறைந்த அளவாகச் சொல்வேன். இது 1,700 லிட்டர். நீளத்தைவிட அகலம் முக்கியம். இரண்டு மீட்டர் உடம்பு இரண்டடி அகலத்தில் மடங்கித் திரும்ப வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். இதில் விளிம்புக்குக் கீழே இடம் விட்டு நிரப்பினாலும் நீரின் எடை மட்டும் ஒன்றரை டன். தடித்த கண்ணாடி, பாறை, இரும்புச் சட்டம், அடியில் சம்ப் என்ற வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டிவிடும். நம் நாட்டுக் கட்டட விதிகளில் குடியிருப்பு அறைகளுக்குக் கணக்கிடும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில்தான். எட்டடித் தொட்டி தான் நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ வைக்கும். அந்த 200 என்பது தளம் முழுவதற்குமான கணக்கு, விட்டத்தை ஒட்டிய சுவர் ஓரம் கூடுதலாகத் தாங்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எந்த விட்டம் எங்கே ஓடுகிறது, எவ்வளவு தாங்கும் என்பதை நானோ கடைக்காரரோ சொல்ல முடியாது. வரைபடத்தைக் காட்டிக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். ஆறடித் தொட்டியும் மொத்தத்தில் ஒரு டன் அளவுக்கு வரும், ஆகவே அதற்கும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். இரண்டாம் தளத்து வீட்டுக்காரர் அறியாமல் அவர் தலைக்கு மேல் இதை நிறுத்துவது நியாயமும் இல்லை.

தரைத்தளத்தில் தனி வீடாக இருந்திருந்தால் என் பதில் சற்று மாறியிருக்கும். அப்போதும் மின்சாரம் என்ற பிரச்சினை இருக்கிறது.

அஞ்சாளை பெருந்தீனிக்காரன். ஒரே வேளையில் மொத்தமாக விழுங்கும். அடுத்த இரண்டு நாளும் அம்மோனியா ஏறும். கழிவை நுரையோடு பிரித்தெடுக்க, தொட்டியின் கொள்ளளவைப் போல இருமடங்கு நீருக்கென்று விற்கப்படும் ஸ்கிம்மர் என்ற கருவி வேண்டும், நன்றாக ஓடும் மோட்டார்கள் வேண்டும். நீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி அடிக்கும் ஊரில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இது நடக்காது. பெரிய தொட்டிக்கு ஒரு குதிரைத்திறன் சில்லர், மோட்டார்கள், ஸ்கிம்மர் எல்லாம் சேர்த்தால் கோடையில் நாளுக்கு 13 யூனிட் அளவில் போகும். இரண்டு மாதக் கட்டணத்தில் கிட்டத்தட்ட 800 யூனிட் இந்த மீனுக்கு மட்டும். உங்கள் வீட்டுச் செலவோடு சேரும்போது எந்தப் படிநிலைக்குப் போவீர்கள் என்று பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள்.

கட்டணத்தைக்கூட சமாளித்துவிடலாம். மின்சாரமே இல்லாத நாட்களை எப்படிச் சமாளிப்பது? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரை கடந்த பிறகு எத்தனையோ தெருக்களில் நாட்கணக்கில் விளக்கு எரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது உங்கள் மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை வட்டாரம் எப்படி இருந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் தளத்துக்குள் தண்ணீர் வராது, சரி. கீழே மின்மாற்றி முழுகினால் மேலே மோட்டார் நின்றுவிடும். சூடான உப்புநீரில் ஆக்சிஜன் கரைவது ஏற்கெனவே குறைவு. நீரோட்டமும் நின்றால் பெரிய மீன்தான் முதலில் மூச்சுத் திணறும். இரண்டு கிளவுன் மீன்களுக்கு ஒரு பாட்டரிக் காற்றுக்கருவி போதும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள மீனுக்கு அது எம்மாத்திரம்? நூற்றைம்பது ஆம்பியர்-அவர் பாட்டரி உள்ள சாதாரண வீட்டு இன்வெர்ட்டர், 80 வாட் மோட்டாரை முழு இரவு ஓட்டும். இரண்டாம் நாளுக்கு ஜெனரேட்டர் வேண்டும், அதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும், அடைமழையில் டீசல் வாங்கி வர ஆள் வேண்டும். பெரிய அஞ்சாளையை வைத்துக்கொள்ள விரும்பும் யாரிடமும் நான் தொட்டியைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன் கேட்பது இதைத்தான்: புயல் வந்து மூன்றாம் நாள் உங்கள் வீட்டில் என்ன ஓடும்?

பழைய ரோமானியர்கள் இந்த மீன்களைக் குளம் கட்டி வளர்த்தார்கள். ஹார்டென்சியஸ் என்ற புகழ்பெற்ற பேச்சாளர் தன்னுடைய அஞ்சாளை செத்தபோது அழுதார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தப் பாசத்தை நான் நம்புகிறேன். ஆளைத் தெரிந்துகொண்டு பாறையிலிருந்து தலையை நீட்டும் மீன் இது. ஆனால் அவர்களின் குளங்கள் கடற்கரையிலேயே இருந்தன, கால்வாய் வழியே கடலே உள்ளே வந்து போனது. நம் மெரினாவில் 1909-இல் திறந்த மீன் காட்சியகமும் கடலோரத்தில்தான் இருந்தது. மடிப்பாக்கத்தில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் நீங்கள்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, மூன்று ஆண்டு அனுபவம் இருக்கிறது. அளவு மட்டும் மாறுகிறது. லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்தால் 1,500 லிட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் உப்புக்கலவை வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றும்போதும் பத்துக் கிலோ. செலவைக் குறைக்கக் கேன்களில் கடல்நீர் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோரக் கடலின் உப்பு வெகுவாக இறங்கிவிடும். கூவமும் அடையாறும் ஊரைக் கழுவிக்கொண்டு போய்ச் சேர்வதும் அங்கேதான். அளந்து பார்க்காமல் ஊற்றாதீர்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் பெரும் செலவில் கடல்நீரிலிருந்து உப்பை எடுக்கிறார்கள். நாமோ காசு கொடுத்து ஆர்.ஓ. நீரில் உப்பைக் கரைக்கிறோம். இந்த ஊரில் கடல்மீன் வளர்ப்பவர்களின் தலைவிதி.

இனி உங்கள் மாமியாரின் கவலை. அவர் சொல்வதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். பார்வைக்குப் பாம்புதான். செதிலில்லாத வழவழப்பான உடம்பு, மார்புத் துடுப்பு கிடையாது, சதா வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஆனால் இது செவுளால் மூச்சுவிடும் மீன். தலைக்குப் பின்னால் இருபுறமும் வட்டமாகத் தெரியும் சிறு துளைகள்தான் செவுள் வாய்கள். வாயைத் திறந்து மூடுவது அந்தத் துளைகளின் வழியே நீரைத் தள்ளுவதற்காக. மிரட்டல் என்று எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. உண்மையான கடற்பாம்பு காற்றை மூச்சிழுக்க மேலே வரும், அதன் வால் துடுப்புப்போல் தட்டையாக இருக்கும், அதற்குக் கொடிய நஞ்சு உண்டு. அஞ்சாளைக்குப் பாம்பைப் போன்ற நச்சுப்பற்கள் இல்லை. மாமியாரைக் கூட்டிச்சென்று செவுளைக் காட்டுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

மீதிப் பாதியைப் போக்க நான் முயலப்போவதில்லை, உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய அஞ்சாளை கடித்தால் விளையாட்டில்லை. பற்கள் உள்நோக்கி வளைந்தவை. அவற்றுக்குப் பின்னால், தொண்டையில், இரண்டாவது தாடை ஒன்று இருக்கிறது. முன்தாடை இரையைப் பிடித்ததும் இந்தத் தாடை முன்னால் வந்து கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கலிபோர்னியாவில் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில்தான் இதன் இயக்கம் தெளிவாகத் தெரிந்தது. மற்ற மீன்களில் பெரும்பாலானவை வாயைத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். குறுகிய பொந்துக்குள் அப்படி உறிஞ்ச அஞ்சாளைக்கு வழியில்லை, அதனால் இந்த ஏற்பாடு. கையைக் கவ்விவிட்டால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான். இழுத்தால் சதை கிழியும். தாய்லாந்துக் கடலில் ராட்சத அஞ்சாளைக்குக் கையால் தீனி கொடுத்த முக்குளிப்பவர் ஒருவர் கட்டைவிரலையே இழந்திருக்கிறார்.

அது வேண்டுமென்று செய்வதில்லை. அதன் கண்பார்வை மங்கல், மோப்பம் கூர்மை. கணவாயைத் தொட்ட விரல் அதற்குக் கணவாய்தான். ஆகவே எவ்வளவு பழகிய மீனாக இருந்தாலும் கையால் தீனி கொடுக்காதீர்கள். நீளமான இடுக்கி, முனை மழுங்கியது, வேறு எதற்கும் பயன்படுத்தாதது. தொட்டிக்குள் கையை விட்டுச் சுத்தம் செய்யும் நாளில் மீன் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, அன்றே மருத்துவரிடம் போங்கள். கடல்மீன் கடி என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கடல்நீரிலுள்ள கிருமிகளுக்குத் தேவைப்படும் மருந்து வேறாக இருக்கலாம். டெட்டனஸ் ஊசியையும் நினைவுபடுத்துங்கள். ஆறு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் மூடி பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் பேரம் இல்லை.

அந்த மூடி குழந்தைக்காக மட்டும் அல்ல. அஞ்சாளை வளர்ப்பில் மீன் சாவதற்கு நோயைவிட அடிக்கடி காரணமாவது தரைதான். காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி காலியாக இருக்கும், சோபாவுக்கு அடியில் மீன் கிடக்கும். தலை நுழைகிற இடத்தில் உடல் முழுவதும் நுழையும். உடல் முழுவதும் தசை. மின்கம்பி வரும் சந்து, சம்ப்புக்கு நீர் வழியும் பெட்டியின் பல்போன்ற இடுக்குகள், மூடியின் மூலை என எதையும் விட்டுவைக்காது. கண்ணாடி மூடியை வெறுமனே வைத்தால் தலையால் நெம்பித் தள்ளிவிடும். நான்கு புறமும் கொக்கி போட்டு இறுக்குங்கள், கம்பி வரும் துளைகளை வலை வைத்து அடையுங்கள், நீர் மட்டத்தை விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிறுத்துங்கள், மோட்டார் உறிஞ்சும் வாய்க்குச் சல்லடை போடுங்கள். புதிதாக வந்த முதல் சில வாரங்கள்தான் அதிக ஆபத்தானவை. உலர்ந்து தரையில் கிடந்தாலும் உடனே செத்ததாக முடிவு கட்டிவிடாதீர்கள். ஈரத் துணியால் எடுத்து நீரோட்டம் நன்றாக உள்ள இடத்தில் விடுங்கள், பிழைத்துக்கொள்வது உண்டு. இந்த இனத்துக்குத் தண்ணீருக்கு வெளியே ஓரளவு தாக்குப்பிடிக்கத் தெரியும். ஸ்னோஃப்ளேக் அஞ்சாளைகளைச் சரிவுப் பலகையில் ஏறப் பழக்கி, நீருக்கு வெளியிலேயே இரையைப் பிடித்து விழுங்குவதை அதே மேத்தா 2021-இல் காட்டினார். இரையோடு தண்ணீருக்குத் திரும்ப வேண்டிய அவசியம்கூட அதற்கு இல்லை.

தீனியில் நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ காலையில் வாங்கும் கணவாய், ஓட்டோடு இறால், சிறு நண்டு, மட்டி, கிழங்கான், மடவை எல்லாமே இதற்கு நல்ல உணவு. வாங்கி வந்து அலசி, வேளைக்கு வேண்டிய துண்டுகளாக்கி, சில நாட்கள் உறைய வைத்துவிட்டுக் கொடுத்தால் ஒட்டுண்ணிகள் வரும் வாய்ப்பு குறையும். மலிவாகக் கிடைக்கிறதே என்று நெத்திலியையும் மத்தியையும் மட்டும் மாதக்கணக்கில் போடாதீர்கள். அவற்றில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும், உறைய வைத்தாலும் அழியாது. ஒரே தீனியில் நெடுநாள் இருந்த மீன் நரம்புத் தளர்ச்சி கண்டு, இரையைக் குறிபார்க்க முடியாமல் தடுமாறும். உயிருள்ள தங்கமீனைப் போட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதிலும் இந்த நொதி உண்டு, நன்னீர் மீனின் கொழுப்பு கடல்மீனுக்கு ஒத்தும் வராது. அருவருப்பான வேடிக்கை என்பது என் சொந்தக் கருத்து. குட்டிக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வளர்ந்ததற்கு ஒன்றிரண்டு முறை போதும். மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

உங்கள் கிளவுன் மீன்களோடு தேன்கூட்டு அஞ்சாளையை விட்டால் இருட்டியதும் விருந்து. அது மீன்தின்னி, பற்களைப் பார்த்தாலே தெரியும், ஊசிபோல் கூரானவை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது ஸ்னோஃப்ளேக். எக்கிட்னா நெபுலோசா என்பது அதன் அறிவியல் பெயர். வெண்மையான உடலில் கரும்பூக்கள் சிதறினாற்போல் இருக்கும், இடையிடையே மஞ்சள் புள்ளிகள், கண்ணிலும் மஞ்சள். அதிகபட்சம் ஒரு மீட்டர் என்று பதிவு இருந்தாலும் தொட்டியில் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை அடியோடு நிற்கும். நண்டையும் இறாலையும் நொறுக்கித் தின்னும் வகை என்பதால் பற்கள் மழுங்கியவை. கடித்தால் வலிக்கும், சதையைக் கிழிக்காது. பொந்திலிருந்து தலையை நீட்டுவது, தீனி நேரத்தில் ஆளைப் பார்த்து வெளியே வருவது, பாறைக்குள் புகுந்து எதிர்பாராத இடத்தில் முகம் காட்டுவது என்று உங்கள் மனத்தைக் கட்டிப்போட்ட அத்தனையும் இதிலும் உண்டு. ஆறடித் தொட்டி இதற்குத் தாராளம். சில்லரும் ஸ்கிம்மரும் சிறியவை போதும். சாதாரண இன்வெர்ட்டர், பாட்டரிக் காற்றுக்கருவி இரண்டு, இவற்றோடு புயல் நாட்களைக் கடத்திவிடலாம். கிளவுன் மீன்களைப் பொதுவாகத் தொடாது. பசியோடு விடாமல் இருந்தால் பயம் குறைவு, முழு உத்தரவாதம் யாரும் தர முடியாது. கிளீனர் இறாலைப் பழைய தொட்டியிலேயே விட்டுவிடுங்கள். அது இதன் முதல் தீனியாகிவிடும்.

மறைவிடத்துக்கு நாலங்குல பி.வி.சி. குழாயே போதும், ஹார்டுவேர் கடையில் இரண்டு மூன்று துண்டு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பாறைக்குப் பின்னால் படுக்க வைத்தால் வெளியே தெரியாது. பாறையை மணல்மேல் வைக்காமல் அடிக் கண்ணாடியில் அமர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டிவிடுங்கள்; இது அடியில் தோண்டும், சரிந்தால் மீனும் போகும் கண்ணாடியும் போகும். லைவ் ராக் என்று யாராவது கடலில் எடுத்த பவளத்தைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. செத்த துண்டாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றம். செயற்கைப் பாறை நன்றாகவே கிடைக்கிறது.

மீனைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரம் வேண்டாம். விற்பனைக்கு வரும் அஞ்சாளைகள் கடலில் பிடித்தவை. தூண்டிலில் வந்ததென்றால் தொண்டையில் முள் தங்கியிருக்கலாம். வாயோரம் புண் இருக்கிறதா, கண் மங்கியிருக்கிறதா, தோலில் வெண்படலம் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட, உங்கள் கண்முன்னே அது ஒரு துண்டாவது தின்ன வேண்டும். இன்று தின்னவில்லை என்றால் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கடையில் தாமிரம் கலந்த மருந்து ஊற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். செதில் இல்லாத மீன்கள் தாமிரத்தைத் தாங்குவது கடினம், வீட்டிலும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு அந்த மருந்தைக் கை போன போக்கில் ஊற்றக் கூடாது.

கொடுத்த முன்பணத்தைத் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். அதே கடையில் ஸ்னோஃப்ளேக்குக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், வழக்கமாக வாங்கும் ஆளை இழக்க யாரும் விரும்புவதில்லை. பணம் போனாலும் போகட்டும். அதற்காக அந்த மீனை எடுத்து வராதீர்கள். ஐந்து ஆண்டு கழித்து ஐந்தடி மீனை வாங்கிக்கொள்ள ஆள் தேடி அலைந்தவர்களின் தொலைபேசி அழைப்புகள் எனக்கு வருகின்றன. கடைகள் திரும்ப எடுப்பதில்லை, காட்சியகங்களுக்கும் இடம் கணக்குத்தான். சிலர் இரவோடு இரவாகக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. நம் கடல் மீனே ஆனாலும், தொட்டியில் பல நாட்டு மீன்களோடு இருந்து தொற்றிக்கொண்ட நோயை அது கடலுக்குக் கொண்டுபோகும். பல ஆண்டுகள் இடுக்கியில் தின்று பழகியது அலைக்கரையில் பிழைப்பதும் அரிது. வீட்டுத் தொட்டியிலிருந்து கொட்டிய சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி வலைகளைக் கிழிக்கும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பொங்கல் விடுமுறைக்கு ஒரு வாரம் என்றால் கவலை இல்லை. நலமாக வளர்ந்த ஸ்னோஃப்ளேக் ஒரு வாரம் தின்னாமல் இருப்பதில் தவறில்லை. கிளவுன் மீன்களுக்குத் தானியங்கித் தீனிப்பெட்டி வையுங்கள். புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே அஞ்சாளைக்குத் தீனியை நிறுத்திவிடுங்கள், கழிவு ஏறிய நீரோடு விட்டுப் போக வேண்டியிருக்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுக்கும்போது தீனி எதையும் கொடுக்காதீர்கள். அன்பு மிகுதியால் ஒரு கிலோ இறாலைப் போட்டுவிடுவார்கள். நாளுக்கு ஒருமுறை வந்து மோட்டார் ஓடுகிறதா, மூடியின் கொக்கிகள் போட்டபடி இருக்கின்றனவா, வெப்பமானி 28-ஐத் தாண்டவில்லையா என்று பார்த்தால் போதும். மோட்டார் நின்றிருந்தால் எந்த சுவிட்சைப் போடுவது, யாரை அழைப்பது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டுப் போங்கள்.